ஜிக் முள் ஏன் நிமிர்ந்துவிடுகிறது? ஸ்டீல்ஹெட் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு எளிய விளக்கம்

"வளையாத முள் எது?" என்று தூண்டில்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஜப்பான் முள் என்பார், இன்னொருவர் நார்வே முள் என்பார், மூன்றாமவர் விலை கூடினது எதுவானாலும் சரி என்பார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முள் எதனால் வளைகிறது என்று யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் காசும் போகும், மீனும் போகும். நான் இரண்டு குளிர்காலம் அப்படித்தான் போனேன்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் சாண்டி ஆற்றில், ஒரு ஜனவரி காலை, என் தக்கை சட்டென்று உள்ளே போனது. ராடைத் தூக்கினேன், மறுபக்கம் கனமான தலையாட்டல் இரண்டு, அப்புறம் மீன் ஆற்றோட்டத்தோடு கீழ்நோக்கி ஓடியது, நான் பதறிப்போய் ரீலின் சுற்றைக் கையால் அழுத்திப் பிடித்தேன், அடுத்த நொடி எல்லாம் லேசாகிவிட்டது. தூண்டில் நரம்பு அறுந்திருக்கும் என்று நினைத்துச் சுற்றினால், ஜிக் அப்படியே வந்தது. முள் மட்டும் கிட்டத்தட்ட நேர்க்கம்பி மாதிரி நிமிர்ந்திருந்தது. அந்தக் கம்பியை இன்னும் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிற தவறுகளில் பல அந்த ஒரே நிமிடத்தில் நடந்திருக்கின்றன.

மீனும் ஜிக்கும்: ஓர் அறிமுகம்

ஸ்டீல்ஹெட் என்பது தனி மீன் இனம் இல்லை. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பி வரும் ரெயின்போ ட்ரௌட்தான் அது. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரௌட்டும், நுவரெலியா மலை ஓடைகளில் இருக்கிற ட்ரௌட்டும் இதே இனம்தான். அங்கே கையளவு மீனாகப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். பசிபிக் கடலில் இரண்டு மூன்று வருடம் தின்று திரும்பும் மீன் சாதாரணமாக 6 முதல் 12 பவுண்டு, அதாவது சுமார் 3 முதல் 5.5 கிலோ இருக்கும். 1970-இல் அலாஸ்காவின் பெல் தீவுப் பகுதியில் பிடிபட்ட ஒன்று 42 பவுண்டு 2 அவுன்ஸ். ரஷ்யாவின் கம்சட்காவிலிருந்து கலிபோர்னியா வரை பசிபிக் கரையோரம் இதன் சொந்த ஊர். வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளில் இருப்பவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மனிதர்கள் கொண்டுபோய் விட்டவற்றின் வழிவந்தவை. டொராண்டோவைச் சுற்றி மீன் பிடிக்கிற நம் ஆட்கள் பார்க்கும் ஸ்டீல்ஹெட் அதுதான்.

ஜிக் என்பது ஈயத் தலை வார்க்கப்பட்ட ஒரு முள். முள்ளின் தண்டு, நரம்பு கட்டும் வளையமான கண்ணுக்குப் பக்கத்தில் மடங்கியிருக்கும், அந்த மடிப்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள், பின்னால் மராபு என்கிற பஞ்சு போன்ற இறகைக் கட்டியிருப்பார்கள். அதைத் தக்கைக்குக் கீழே தொங்கவிட்டு ஆற்றோட்டத்தில் மிதக்கவிட்டால், இறகு மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும், குளிரில் சோம்பிக் கிடக்கும் மீன்கூட வாயைத் திறக்கும். தலையின் எடை பெரும்பாலும் 1/16 அவுன்ஸிலிருந்து 1/4 அவுன்ஸ் வரை. வாய்க்குள் போவது இவ்வளவு சிறிய பொருள், இழுப்பது ஐந்து கிலோ மீன், அதன் பின்னால் ஆற்று வெள்ளம் வேறு. அதனால்தான் முள்ளைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

துறட்டி சொல்லித் தரும் பாடம்

மாங்காய் பறிக்கும் துறட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பின் நுனியில் ஒரு வளைந்த கொக்கி. காம்பு கொக்கியின் அடிக்குழியில் நன்றாகப் போய் உட்கார்ந்தால், தொங்கிக்கொண்டே இழுக்கலாம், கொக்கிக்கு ஒன்றும் ஆகாது. அதே காம்பு கொக்கியின் நுனியில் மட்டும் மாட்டியிருக்கும்போது இழுத்தால் கொக்கி விரிந்துவிடும். இரண்டு முறையும் கொக்கி ஒன்றுதான், இழுத்த கையும் ஒன்றுதான். விசை எந்த இடத்தில் விழுந்தது என்பதுதான் வேறு.

சுவரில் அடித்த ஆணியும் இப்படித்தான். பையைச் சுவரை ஒட்டி மாட்டினால் ஆணி தாங்கும், நுனியில் மாட்டினால் தொங்கிப்போகும். பள்ளியில் இதற்குத் திருப்புத்திறன் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்: விசையை, அது விழும் கோட்டுக்கும் வளையக்கூடிய இடத்துக்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது. தூரம் இரட்டிப்பானால், அதே இழுப்பு இரட்டிப்பு வேலை செய்யும்.

இதை முள்ளுக்குக் கொண்டுவருவோம். நரம்பு முள்ளின் கண்ணிலிருந்து இழுக்கிறது, மீன் மறுமுனையில் இழுக்கிறது. மீனின் தாடை முள்ளின் அடி வளைவில் போய் உட்கார்ந்திருந்தால், கண்ணிலிருந்து மீன் வரை உள்ள இழுவைக் கோடு கிட்டத்தட்ட முள்ளின் தண்டோடு ஒட்டியே போகும். வளைக்கும் தூரம் மிகக் குறைவு. முள்ளின் முனை மட்டும் எலும்பில் குத்தி நின்றுவிட்டால், இழுவைக் கோடு கண்ணிலிருந்து முனைக்குப் போகிறது, வளைவு அந்தக் கோட்டிலிருந்து விலகி நிற்கிறது, தூரம் முழுவதும் முள்ளைத் திறக்கும் வேலைக்குப் போய்விடுகிறது.

ஸ்டீல்ஹெட்டின் தாடையில் கெட்டியான எலும்புப் பகுதிகள் உண்டு, முள் அங்கே பட்டால் பாதியில் நின்றுவிடும். ஆகவே நிமிர்ந்த முள்களில் நிறைய முழுதாக இறங்காத முள்கள். "முள் மெலிசு" என்று நாம் திட்டுகிறோம், உண்மையில் முனை மழுங்கியிருந்திருக்கும், அல்லது ராடைத் தூக்கிய வேகம் போதாமல் இருந்திருக்கும்.

இதிலிருந்தே இன்னொரு தவறான நம்பிக்கையும் உடைகிறது: பெரிய முள் என்றால் வலுவான முள் என்பது. முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள திறப்பை வாய் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் தடிமன் அப்படியே இருக்க, வாயை மட்டும் அகலமாக்கினால் வளைக்கும் தூரம் கூடுகிறது, முள் பலவீனமாகிறது. பெரிய முள்களைத் தடித்த கம்பியில் செய்வதே இதை ஈடுகட்டத்தான். தடிமனைக் கூட்டாத பெரிய முள்ளை விட, அதே கம்பியில் செய்த சிறிய முள் அதிகம் தாங்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: முள் எவ்வளவு தாங்கும் என்பது அதன் எஃகில் மட்டும் இல்லை. மீன் முள்ளின் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது, வாய் எவ்வளவு அகலம் என்பதிலும் இருக்கிறது.

கம்பியின் தடிமன்: கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்

கடையில் இரண்டு ஜிக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றின் கம்பி மற்றதை விட ஒரு மயிரிழை தடிப்பாக இருக்கும், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் உருண்டைக் கம்பி வளைவைத் தாங்கும் திறன் தடிமனோடு சேர்ந்து மெதுவாகக் கூடுவதில்லை, தடிமனின் மூன்றாம் படியாகக் கூடுகிறது. அதாவது தடிமன் × தடிமன் × தடிமன் என்று பெருக்கிப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 1 மி.மீ. கம்பி தாங்குவதை 1 என்று வைத்தால், 1.1 மி.மீ. கம்பி 1.33 தாங்கும். 1.2 மி.மீ. கம்பி 1.73 தாங்கும். 1.26 மி.மீ. கம்பி இரண்டு மடங்கு தாங்கும். கால் மில்லிமீட்டர்தான் கூடியது, வலு இரட்டித்துவிட்டது. எஃகும் முள்ளின் வடிவமும் ஒன்றாக இருக்கும்போது சொல்கிற கணக்கு இது, ஆனால் விஷயம் புரிய இது போதும். எனக்கு இந்தத் துறையில் ஒரே ஒரு கருவி வாங்க அனுமதி என்றால், தடிமன் அளக்கும் சின்ன வெர்னியர் காலிப்பரைத்தான் வாங்குவேன்.

அப்படியானால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தடிப்பாக வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. தடித்த கம்பியின் முனையும் தடிப்பாகத்தான் விரியும், எலும்பில் இறக்க அதிக விசை வேண்டும். தக்கைக்குக் கீழே ஓடும் ஜிக்கில் நம் ராடு நீளம், நுனி இளக்கம், நடுவே தொய்ந்த நரம்பு, ஆகவே முள்ளை இறக்க நமக்குக் கிடைக்கும் விசையே குறைவு. முனையில் நின்றுவிட்ட தடித்த முள்ளை விட, வளைவு வரை இறங்கிய நடுத்தர முள் மேல். போதாக்குறைக்குக் கனமான முள் ஜிக்கின் மிதப்பைக் கெடுக்கும், சின்ன ஜிக்கில் அது அப்பட்டமாகத் தெரியும்.

அடிக்கோலைக் குத்துவாட்டில் வைத்தால்

சரி, கம்பியைத் தடிப்பாக்காமல் வலுவாக்க வழி உண்டா? உண்டு. ஒரு மர அடிக்கோலை எடுத்துத் தட்டையாக வைத்து அழுத்தினால் வில்லாக வளைகிறது. அதையே குத்துவாட்டில் நிறுத்தி அழுத்தினால் அசையாது. மரம் அதேதான், அளவும் அதேதான். பழைய வீடுகளில் உத்தரத்தைக் குத்துவாட்டில் போடுவதும் இதற்குத்தான்.

முள் செய்கிறவர்களும் இதைச் செய்கிறார்கள். வளைத்த முள்ளை இரண்டு பக்கமும் அழுத்தித் தட்டையாக்குகிறார்கள். பக்கவாட்டில் ஒடுங்கிய உலோகம், முள் திறக்கும் திசையில் அகலமாகிறது. இப்படி அழுத்திய முள்ளை ஃபோர்ஜ்டு முள் என்கிறார்கள். பாக்கெட்டில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் விரலால் தெரிந்துகொள்ளலாம்: முள்ளின் வளைவை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள், உருண்டையாக வழுக்கினால் சாதா கம்பி, இரண்டு பக்கமும் தட்டையாக உட்கார்ந்தால் அழுத்திய கம்பி. ஸ்டீல்ஹெட்டுக்கு வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், தலையின் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

எஃகும் தோய்ச்சலும்

இந்த இடத்தில்தான் பேச்சு அதிகமாகக் குழம்புகிறது. "விறைப்பான எஃகு" என்றும் "வலுவான எஃகு" என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம், இரண்டும் வேறு.

விறைப்பு என்பது, ஒரு குறிப்பிட்ட விசைக்குக் கம்பி எவ்வளவு அசைகிறது என்பது. ஆச்சரியமான செய்தி என்னவென்றால், விலை குறைந்த எஃகும் விலை கூடிய எஃகும் விறைப்பில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே அளவில் செய்த இரண்டு முள்களை லேசாக இழுத்தால் இரண்டும் ஒரே அளவுதான் விரியும். விட்டதும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும்.

வித்தியாசம் அடுத்த கட்டத்தில் வருகிறது. இழுப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கம்பி திரும்ப மறுக்கும், விரிந்தது விரிந்ததாகவே நின்றுவிடும். அந்தக் கட்டத்துக்கு மீட்சி எல்லை என்று பெயர். மென்மையான எஃகுக்கு அது சீக்கிரம் வரும், நல்ல முள்ளுக்குத் தாமதமாக வரும். காசு கொடுத்து நாம் வாங்குவது இந்தத் தாமதத்தைத்தான்.

அது எப்படி வருகிறது என்பது ஊர்க் கொல்லன் பட்டறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்குவார்கள், அதைத் தோய்ச்சல் என்பார்கள். தோய்ச்சல் பெற்ற எஃகு மிகக் கடினமாகிவிடும், ஆனால் கண்ணாடி மாதிரி, அடித்தால் தெறித்துவிடும். ஆகவே மறுபடி மிதமான சூட்டில் வாட்டி, கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, முறியாத தன்மையை வாங்குவார்கள். இந்த இரண்டாவது வேலையைப் பதப்படுத்துதல் என்று சொல்லலாம். தூண்டில் முள்ளுக்கும் இதே வரிசைதான்: கரிமம் கூடிய மென்கம்பியை வெட்டி, முனை சீவி, வளைத்து, அழுத்தி, அதன் பிறகே உலை, எண்ணெய், பதம். பதம் குறைந்தால் முள் முறியும், கூடினால் வளையும். நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது, அதை ஒவ்வொரு முறையும் தவறாமல் பிடிப்பதுதான் நல்ல முள் கம்பெனியின் திறமை. நார்வேயின் முஸ்டாட் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து முள் செய்கிறது, ஜப்பானின் ஹியோகோ பகுதி காமகட்ஸு போன்ற கம்பெனிகளுக்குத் தாய்வீடு. அந்தப் பெயர்களுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். ஆனால் அதே கம்பெனிகள் மெல்லிய கம்பி முள்ளும் செய்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. பெயரைப் பார்த்து எடுத்துவிட்டு, மெல்லிய முள்ளோடு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு.

வீட்டில் ஜிக் தலைக்குப் பொடி வண்ணம் பூசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலையைச் சூடாக்கும்போது தீயை முள்ளின் வளைவில் காட்டாதீர்கள். எஃகு நீல நிறத்துக்கு மாறினால் சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சிவந்தால் தொழிற்சாலை கொடுத்த பதம் போய்விட்டது, அது இனி வெறும் கம்பி.

சுருக்கினால், தடிமனும் வடிவமும் முள் எவ்வளவு அசையும் என்பதையும் எவ்வளவு தாங்கும் என்பதையும் தீர்மானிக்கின்றன. பதம், அசைந்த முள் திரும்பி வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

வளைவதற்கென்றே செய்த முள்

என் சாண்டி ஆற்று ஜிக்குக்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்றொரு சின்ன மீன் உண்டு, பெரும்பாலும் கால் கிலோ, அரைக் கிலோ. அது தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கு நடுவே வாழும். ஜிக்கை அங்கே போட்டால் அடிக்கடி கிளையில் மாட்டும். ஆகவே கிராப்பி ஜிக்குகளில் மிக மெல்லிய கம்பி முள்ளை வேண்டுமென்றே போடுகிறார்கள், அபர்டீன் என்று ஒரு வகை. மாட்டினால் நன்றாக இழுக்கலாம், முள் நிமிர்ந்து வெளியே வரும், ஜிக் மிஞ்சும், விரலால் திரும்ப வளைத்துவிட்டுத் தொடரலாம். அந்த வேலைக்கு அது அருமையான முள்.

கடைச் சுவரில் கிராப்பி ஜிக்கும் ஸ்டீல்ஹெட் ஜிக்கும் பார்வைக்கு அண்ணன் தம்பி. இரண்டிலும் 1/16 அவுன்ஸ் தலை, இரண்டிலும் இளஞ்சிவப்பு மராபு. ஒன்று மற்றதில் பாதி விலை. நான் எடுத்தது எது என்று சொல்லத் தேவையில்லை. முள் கெட்டுப்போன முள் இல்லை, அதைச் செய்தவர்கள் சொன்ன வேலையைத்தான் செய்தது. நான்தான் நிமிர வேண்டிய முள்ளை நிமிரக் கூடாத இடத்தில் போட்டேன்.

பாக்கெட்டில் எழுதியிருப்பது

"2எக்ஸ் ஸ்ட்ராங்" என்று போட்டிருந்தால் இரண்டு மடங்கு வலு என்று படிக்கிறோம். அது அப்படி இல்லை. அந்த முள், தன்னை விட இரண்டு அளவு பெரிய முள்ளுக்கு உரிய கம்பியில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். உரிய கம்பி எது என்பதைக் கம்பெனிகள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டதில்லை, ஆகவே ஒருவரின் 2எக்ஸ் இன்னொருவரின் சாதா முள்ளுக்குச் சமமாக இருக்கலாம். முள்ளின் எண்ணும் அப்படித்தான். 4-ஐ விட 2 பெரியது, 2-ஐ விட 1 பெரியது, அதற்கு மேல் 1/0, 2/0 என்று ஏறும், ஆனால் இரண்டு கம்பெனிகளின் 1-ஆம் எண் முள்கள் ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். எழுத்தை விட்டுவிட்டுக் கம்பியைப் பாருங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஜிக்கை யாருடைய எந்த முள்ளில் வார்த்திருக்கிறார்கள்? நல்ல ஜிக் செய்கிறவர்கள் அதை மறைக்க மாட்டார்கள், பெருமையாகவே எழுதியிருப்பார்கள். எழுதாத ஜிக்கை நான் எடுப்பதில்லை. குளிர்காலப் பெரிய தண்ணீருக்கு 1/8 அவுன்ஸ் தலையில் 1 அல்லது 1/0 முள், தெளிந்த சின்னத் தண்ணீருக்கு 1/16 தலையில் 2-ஆம் எண் முள், இரண்டும் அழுத்திய கம்பியில். ஆரம்பிக்கிறவருக்கு இது போதும்.

முள் தனியாக இழுக்கப்படுவதில்லை

இனி முக்கியமான பகுதி. ராடு, ரீல், பிரதான நரம்பு, முடிச்சு, முன்நரம்பு, முள், மீனின் தாடை. இது ஒரு சங்கிலி, எது பலவீனமோ அது முதலில் போகும். முன்நரம்பு என்பது ஜிக்குக்கு முன்னால் கட்டும் மெல்லிய துண்டு நரம்பு, ஸ்டீல்ஹெட்டுக்குப் பலர் 8 முதல் 12 பவுண்டு வரை கட்டுகிறார்கள். பிரதான நரம்பு 20, 30 பவுண்டு பின்னல் நரம்பாக இருக்கும்.

10 பவுண்டு நரம்பு என்றால் 10 பவுண்டு மீன் பிடிக்கலாம் என்பது பொருள் இல்லை. 10 பவுண்டு இழுவைக்கு, அதாவது சுமார் நாலரை கிலோவுக்கு, அது அறும் என்பதே பொருள். மீன் தண்ணீரில் மிதக்கிறது, அதன் எடை நம் நரம்பில் தொங்குவதில்லை. நரம்பில் விழுவது அதன் ஓட்டத்தின் விசையும் ஆற்றின் தள்ளலும்தான், அதில் எவ்வளவு நரம்பில் ஏறலாம் என்பதை ரீலின் டிராக் முடிவு செய்கிறது. டிராக் என்பது ஒரு பிரேக், நாம் வைத்த அளவைத் தாண்டி இழுத்தால் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும். முன்நரம்பு தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே அதை வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

ராடும் நம்மைக் காப்பாற்றுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி, ராடைச் சாதாரணக் கோணத்தில் பிடித்துத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். ராடு எப்படி வளைகிறது, மணிக்கட்டு எப்படிக் கடுக்கிறது என்று பார்த்தால் தெரியும், மீனோடு போராடும்போது நாம் கொடுப்பது பெரும்பாலும் ஒன்றரை கிலோவுக்குள்தான். ஒழுங்கான ஸ்டீல்ஹெட் முள் எதுவும் இதற்கு நிமிராது, பாதி இறங்கியிருந்தாலும் நிமிராது.

அப்படியானால் எப்போது நிமிர்கிறது? ராடு வளையாமல் மீனை நோக்கி நீட்டியிருக்கும்போது. டிராக்கை இறுக்கிப் பூட்டியிருக்கும்போது. ஓடுகிற மீனின் நரம்பைக் கையால் பிடிக்கும்போது. மீனைக் கரைக்கு இழுத்துப்போட நரம்பைக் கையில் சுற்றித் தூக்கும்போது. இந்த நேரங்களில் வளைந்து கொடுக்க எதுவுமே இல்லை, பின்னல் நரம்பு ரப்பர் மாதிரி நீள்வதும் இல்லை, முழு அதிர்ச்சியும் முள்ளுக்குப் போகிறது.

ஆகவே "வளையாத முள்" என்று தேடுவதை விட்டுவிட்டு, "என் முன்நரம்பு அறும்வரை வளையாத முள்" என்று தேடினால் கேள்வி சுலபமாகிவிடும். அதற்கு மேல் உள்ள வலுவுக்குப் பயன் இல்லை. முன்நரம்பை 20 பவுண்டுக்கு ஏற்றிவிட்டு முள்ளைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

பார்ப் விஷயம்

முள் முனைக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கமாகச் செதுக்கி நிற்கும் சிறு முள்தான் பார்ப். குத்தியது கழன்று வராமல் இருக்க அது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் பார்ப் இல்லாத ஒற்றை முள்தான் சட்டம், மற்ற இடங்களிலும் பல ஆறுகளில் அந்த விதி உண்டு. பார்ப் இல்லாவிட்டால் முள் பலவீனம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நேர்மாறாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். பார்ப் இல்லாத முனை குறைந்த விசையில் வளைவு வரை இறங்கிவிடும், வளைவு வரை இறங்கிய முள் துறட்டியின் அடிக்குழியில் உட்கார்ந்த காம்பு மாதிரி. கழன்றுபோகாமல் இருக்க நரம்பைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் போதும். இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டைத் திருப்பி விட வேண்டிய ஆறுகளில், மீனுக்கும் அது நல்லது.

பார்ப்பை நசுக்கும்போது இடுக்கியால் மெதுவாக அழுத்துங்கள். ஒரே வெட்டாக அழுத்தினால் முனையும் சேர்ந்து தெறிக்கலாம், கடினமான எஃகு அப்படித்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

மீன் எடை போடும் சின்ன வில் தராசு ஒன்று, இடுக்கி ஒன்று, கண்ணாடி ஒன்று போதும். கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், முள் தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஜிக்கின் கண்ணில் உங்கள் வழக்கமான முன்நரம்பை வழக்கமான முடிச்சோடு கட்டி, மறுமுனையைத் தராசில் மாட்டுங்கள். முள்ளின் அடி வளைவை ஒரு பழைய மர மேசைக் காலில் அடித்த வலுவான ஆணியில் மாட்டி மெதுவாக இழுங்கள், இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு வாய் பழையபடி மூடியிருக்கிறதா என்று ஒரு புது முள்ளோடு ஒட்டிப் பாருங்கள். அடுத்து, வேறொரு புது ஜிக்கை எடுத்து, முனை மட்டும் மரத்தில் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியபடி வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று கையாலேயே உணர்வீர்கள், இந்தக் கட்டுரையின் முதல் பாதி ஒரே இழுப்பில் புரிந்துவிடும்.

நான் கிராப்பி ஜிக்கை இப்படி இழுத்தபோது 10 பவுண்டு நரம்பு அறுவதற்கு வெகு முன்பே முள் திறந்துவிட்டது. அழுத்திய கம்பி ஜிக்கில் நரம்புதான் முடிச்சில் அறுந்தது. ஐந்து டாலர் வித்தியாசம் ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நிமிர்ந்த முள்ளைப் படிப்பது

மீன் போனதும் கோபத்தில் முள்ளை ஆற்றில் எறியாதீர்கள், முதலில் பாருங்கள், அது நடந்ததைச் சொல்லும். வளைவு முழுவதும் சீராகத் திறந்திருந்தால், கம்பி மெலிசு அல்லது இழுப்பு அதிகம். முனைப்பக்கம் மட்டும் வெளியே மடிந்திருந்தால், முள் எலும்பில் நின்றுவிட்டது, இறங்கவே இல்லை. வளையாமல் பட்டென்று முறிந்திருந்தால் துரு, அல்லது பதம் தவறிய முள். முறிவு ஈயத் தலைக்கு ஒட்டி இருந்தால், அங்கே ஈரம் தங்கித் துருப்பிடித்ததா என்று பாருங்கள், ஈரமான ஜிக்கை மூடிய பெட்டியில் வைக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

இன்னொரு வகை இருக்கிறது, எனக்கு அதிகம் மீன் போனது இதில்தான். ஜிக் அடியில் ஒரு பாறையில் மாட்டும். நாம் 30 பவுண்டு பின்னல் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு பலமாக இழுப்போம், விடுபட்டு வந்துவிடும், சந்தோஷமாக அடுத்த முறை போடுவோம். அந்த இழுப்பிலேயே முள்ளின் வாய் ஒரு மில்லிமீட்டர் திறந்திருக்கும், மீட்சி எல்லையைத் தாண்டியாகிவிட்டது, முனையும் பாறையில் மழுங்கியிருக்கும். அடுத்து வரும் மீன் ஏற்கெனவே பாதி தோற்ற முள்ளைக் கடிக்கிறது. இடுக்கியால் திரும்ப வளைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை நிமிர்ந்து திரும்ப மடிந்த எஃகு, அடுத்த முறை இன்னும் குறைந்த இழுப்பில் நிமிரும், அல்லது முறியும். கிராப்பிக்கு அது சரி, ஸ்டீல்ஹெட்டுக்கு இல்லை.

இப்போது நான் ஒவ்வொரு பாறை மாட்டலுக்குப் பிறகும் ஜிக்கைக் கையில் எடுத்து இரண்டு விஷயம் பார்க்கிறேன். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்தால், கூரான முனை நகத்தில் பிடித்து நிற்கும், மழுங்கியது வழுக்கும். வாய் திறந்திருக்கிறதா என்று தெரிய, பெட்டியில் உபயோகிக்காத ஒரே மாதிரி ஜிக் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன், அதன் பக்கத்தில் பிடித்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். விரல் விறைக்கும் குளிரில் இதற்கு அரை நிமிடம் ஆகும். திறந்திருந்தால் அதைக் கழற்றி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதியதைக் கட்டுகிறேன்.